மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இன்புட் பின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு (நிரல் எழுதி ஓட்டும் சின்னச் சிப் உள்ள மின்பலகை) வாங்கிப் பழகும் பிள்ளைகளும், பிள்ளைகளுக்கு உதவப் போய் தாங்களே ஆர்வமாகிவிட்ட பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் செய்ய நினைப்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்ப்பது, மழைமானி, மின்சாரம் போனால் எச்சரிக்கை, இப்படி ஏதாவது ஒன்று. மூன்றிலும் தகராறு வருவது ஒரே இடத்தில்தான்: இன்புட் பின், அதாவது வெளியிலிருந்து வரும் சிக்னலைப் படிக்கும் போர்டின் கால். பின் சும்மா இருக்கும்போது அது எதைப் படிக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்யாமல் விட்டுவிடுகிறோம். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

யூனோ என்று நான் சொல்வது அர்டுயினோ யூனோ ஆர்3, அதாவது ஏடிமெகா 328பி சிப் உள்ள 5 வோல்ட் போர்டு. நானோவிலும் அதே சிப்தான். வைஃபை உள்ள இஎஸ்பி வகைகளும் (இஎஸ்பி 32, இஎஸ்பி 8266) ராஸ்பெர்ரி பை பிக்கோவும் 3.3 வோல்ட் போர்டுகள்.

இன்புட் பின்னுன்னா என்ன? அது கரண்ட்டை அளக்குமா?

அளக்காது. டிஜிட்டல் இன்புட் பின் பார்ப்பது மின்னழுத்தத்தை மட்டும்தான், அதையும் இரண்டாகப் பிரித்தே சொல்லும்: 0 அல்லது 1. யூனோவில் 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிச்சயம் 0, 3 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் நிச்சயம் 1. இடையில் உள்ளதற்குச் சிப் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இஎஸ்பி 32-இல் அந்த எல்லைகள் ஏறத்தாழ 0.8 வோல்ட்டும் 2.5 வோல்ட்டும்.

இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாள் கேள்வியில் இது திரும்ப வரும்.

பின் மோட் எழுதாமலே பட்டன் வேலை செய்யுதே, எழுதித்தான் ஆகணுமா?

பின் மோட் என்பது ஒரு பின்னின் வேலை என்ன என்று சொல்லும் நிரல் வரி. யூனோவில் மின்சாரம் வந்ததும் எல்லாப் பின்களும் இன்புட்டாகவே தொடங்கும். அதனால்தான் எழுதாவிட்டாலும் ஓடுகிறது. ஆனால் எழுதுங்கள். இன்புட், இன்புட் புல்அப் (விளக்கம் கீழே), அவுட்புட் என்ற மூன்றில் எது வேண்டும் என்பதை, தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் செட்டப் பகுதியில் ஒரு வரியாக எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போதும் புரியும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. பட்டன் மாட்டிய பின்னைத் தவறுதலாக அவுட்புட் ஆக்கி அதில் 1 எழுதிவிட்டால், பட்டனை அழுத்தியதும் 5 வோல்ட் நேரே கிரவுண்டுக்கு (0 வோல்ட் கம்பிக்கு) பாயும். யூனோ பின்னின் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர், அதைத் தாண்டினால் பின் போய்விடும். பழகும் காலத்தில் பட்டனுக்கும் பின்னுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைப் போட்டுவிட்டால் இந்தத் தவறு நேர்ந்தாலும் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. படிப்பதற்கு அது தடையாக இருக்காது.

பின்னுல எதுவுமே மாட்டலை, ஆனா 0, 1, 0, 1-ன்னு மாறிட்டே இருக்கு. போர்டு கெட்டுப்போச்சா?

கெடவில்லை. எதிலும் இணையாத பின்னுக்கு உள்ளே போகும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. அவ்வளவு லேசான பின்னை எதுவும் இழுத்துவிடும்: சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி, பக்கத்துப் பின்னில் நடக்கும் மாற்றம், உங்கள் விரல். கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், எண்கள் மாறும். இப்படி இருக்கும் பின்னை மிதக்கும் பின் என்கிறோம்.

பட்டனை மாட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டன் அழுத்தியிருக்கும்போது மட்டும்தான் அது பின்னை எதனுடனாவது இணைக்கிறது. விட்டதும் பின் மறுபடி மிதக்கும். அப்போது அதை ஒரு பக்கமாக நிறுத்தி வைப்பதற்கு ஏதாவது வேண்டும். அடுத்த கேள்வி அதுதான்.

புல்அப், புல்டவுன் ரெண்டுல எதை வைக்கணும்?

இரண்டும் கதவில் மாட்டிய மெல்லிய ஸ்பிரிங் போல: யாரும் தொடாதபோது ஒரு பக்கம் இழுத்து வைக்கும், தள்ளினால் எளிதாக விட்டுக்கொடுக்கும். புல்அப் ரெசிஸ்டர் பின்னை 5 அல்லது 3.3 வோல்ட் பக்கம் இழுக்கும். புல்டவுன் கிரவுண்ட் பக்கம் இழுக்கும்.

என் தேர்வு எப்போதும் புல்அப். முதல் காரணம், யூனோ சிப்புக்குள்ளேயே அது இருக்கிறது, 20 முதல் 50 கிலோ ஓம் வரை. பின் மோடில் இன்புட் புல்அப் என்று எழுதினால் போதும், வெளியே எதுவும் வேண்டாம். புல்டவுன் யூனோவுக்குள் கிடையாது. அது வேண்டுமென்றால் வெளியே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். இரண்டாவது, புல்அப் முறையில் பட்டனுக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்று கிரவுண்ட், மற்றது பின். மின்சார விநியோகக் கம்பி மேசையைத் தாண்டி வெளியே போவதே இல்லை. கம்பி எங்காவது உரசி உடைந்தாலும் எதுவும் எரியாது.

அழுத்தினா 0, விட்டா 1. தலைகீழா இருக்கே, எங்க தப்பு?

எங்கும் தப்பில்லை. மேலே சொன்ன புல்அப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. விட்டிருக்கும்போது புல்அப் இழுப்பதால் 1, அழுத்தும்போது கிரவுண்டோடு சேர்வதால் 0. நிரலில் ‘0 வந்தால் அழுத்தப்பட்டது’ என்று எழுதுங்கள். குழப்பமாக இருந்தால், படித்த மதிப்பைத் திருப்பிப்போட்டு ‘அழுத்தப்பட்டது’ என்ற பெயருள்ள ஒரு மாறியில் வைத்துக்கொண்டால் நிரலின் மற்ற இடங்களில் யோசிக்கவே வேண்டாம்.

பட்டனைத் தொடவே இல்லை, எப்பவும் அழுத்தின மாதிரியே காட்டுது.

நான்கு கால் உள்ள சின்ன பட்டன்தானே? அதில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும். ஒரே ஜோடியில் இரண்டு கம்பியையும் செருகிவிட்டீர்கள். மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள கால்களை எடுங்கள், எப்படித் திருப்பி வைத்தாலும் தவறாது.

எந்தப் பின்னை வேணாலும் இன்புட்டா வைக்கலாமா?

யூனோவில் 2 முதல் 12 வரை தாராளமாக. ஏ0 முதல் ஏ5 வரை உள்ள அனலாக் பின்களும் டிஜிட்டல் இன்புட்டாக வேலை செய்யும், உள் புல்அப்பும் உண்டு. 0, 1 இரண்டையும் விட்டுவிடுங்கள், அவை கணினியோடு பேசும் சீரியல் பின்கள்.

13-ஆம் பின் பலரைச் சுற்றலில் விட்டிருக்கிறது. அதில் போர்டிலேயே ஒரு எல்இடி இருக்கிறது. நானோவிலும் பழைய யூனோ வகைகளிலும் அந்த எல்இடியும் அதன் ரெசிஸ்டரும் பின்னோடு நேராக இணைந்திருப்பதால், உள் புல்அப்பின் இழுப்பு போதாமல் பின் 1.7 வோல்ட் அருகே நின்றுவிடும். பெரும்பாலும் 0 என்றுதான் படிக்கும். நானோவில் இன்னொன்று: ஏ6, ஏ7 இரண்டும் அனலாக் மட்டுமே. அவற்றில் டிஜிட்டலாகப் படிக்கவும் முடியாது, புல்அப்பும் கிடையாது.

யூனோவில ஓடின அதே நிரல் இஎஸ்பி 32-ல ஓடலை, பின் எண்ணை மட்டும்தான் மாத்தினேன்.

எந்த எண்ணுக்கு மாற்றினீர்கள் என்பதுதான் விஷயம். இஎஸ்பி 32-இல் 34 முதல் 39 வரை உள்ளவை இன்புட்டுக்கு மட்டுமே ஆனவை, அவற்றுக்கு உள் புல்அப்போ புல்டவுனோ இல்லை. இன்புட் புல்அப் என்று எழுதினால் பிழை எதுவும் சொல்லாது, பின் மட்டும் மிதந்துகொண்டே இருக்கும். வெளியே 10 கிலோ ஓம் போட்டால் அவையும் நல்ல இன்புட் பின்களே.

6 முதல் 11 வரை, நிரல் சேமிக்கப்படும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு உரியவை, தொடாதீர்கள். 0, 2, 5, 12, 15 ஆகியவற்றைச் சிப் எழும்போதே ஒருமுறை படித்துப் பார்க்கும். குறிப்பாக 12-ஆம் பின் அந்த நேரத்தில் 1 ஆக இருந்தால் ஃபிளாஷுக்கான மின்னழுத்தத்தை 1.8 என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான போர்டுகளில் ஃபிளாஷ் 3.3 வோல்ட் என்பதால் போர்டு எழவே எழாது. மேசையில் நன்றாக ஓடிய தொட்டிக் கருவி, மின்சாரம் போய் வந்த பிறகு செத்ததுபோல் கிடந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்: தொட்டி நிறைந்திருக்கும்போது மிதவை சுவிட்ச் (தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவையால் மூடித் திறக்கும் சுவிட்ச்) எந்தப் பின்னை எந்தப் பக்கம் இழுக்கிறது?

இஎஸ்பி 8266 போர்டுகளிலும் இதே கதை. டி3, டி4 இரண்டும் எழும்போது 1 ஆகவும், டி8 என்பது 0 ஆகவும் இருக்க வேண்டும். டி0-வுக்கு உள் புல்அப் இல்லை. டி1, டி2, டி5, டி6, டி7 நிம்மதியானவை.

மழைமானி ஒரு தடவை சாய்ஞ்சா ஆறேழுன்னு எண்ணுது, ஏன்?

உலோகத்தில் உலோகம் மோதினால் ஒட்டிக்கொள்வதற்கு முன் சில முறை துள்ளும். பட்டனோ, மழைமானிக்குள் இருக்கும், காந்தம் அருகே வந்தால் மூடும் ரீட் சுவிட்சோ, எதுவானாலும் சில மில்லி வினாடிகள் சேர்ந்து பிரிந்து சேரும். நம் கண்ணுக்கு ஒரு அழுத்தல், சிப்புக்கு அது பல.

பட்டனுக்கு வழி எளிது: மாற்றம் தெரிந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, 30 முதல் 50 மில்லி வினாடி அதே நிலை நீடித்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மழைமானிக்கு இன்னும் தாராளமாக இருக்கலாம். கடைகளில் கிடைக்கும் வாளி சாயும் வகைகளில் ஒரு சாய்வு என்பது பெரும்பாலும் 0.2794 மில்லிமீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று புயல் மழை கொட்டினாலும் பத்து வினாடிக்கு ஒரு சாய்வுதான் வரும். ஆகவே ஒன்றை எண்ணியதும் அடுத்த 250 மில்லி வினாடிக்கு வருவது எதையும் எண்ணாதீர்கள். ஒரு துளி மழையும் கணக்கில் விட்டுப்போகாது.

அப்போ இன்டரப்ட் வெச்சா இந்தத் துள்ளல் போயிடுமா?

போகாது, கூடும். இன்டரப்ட் என்பது பின் மாறிய கணமே சிப்பைக் கூப்பிடும் ஏற்பாடு. ஒவ்வொரு துள்ளலுக்கும் கூப்பிடும். எனவே மேலே சொன்ன காத்திருப்பு அதற்குள்ளும் வேண்டும்.

மழைமானிக்கு இன்டரப்ட் நல்லதுதான், காரணம் வேறு. காந்தம் ரீட் சுவிட்சைக் கடந்துபோகும் நேரம் ஒரு வினாடியில் சிறு பகுதிதான். அந்த நேரத்தில் நிரல் வைஃபையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் சாய்வைத் தவறவிட்டுவிடும். யூனோவில் 2, 3 இரண்டு பின்கள் இதற்கென்றே உள்ளன. இன்டரப்ட் செயலுக்குள் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு நிறுத்துங்கள், அந்த மாறியை வோலடைல் (எந்தக் கணமும் மாறக்கூடியது) என்று அறிவியுங்கள். திரையில் எழுதுவது, இணையத்துக்கு அனுப்புவது எல்லாம் வெளியே. பட்டனுக்கோ தொட்டிக்கோ இன்டரப்ட் தேவையே இல்லை என்பது என் கருத்து.

5 வோல்ட் சென்சாரை இஎஸ்பி 32-லயோ பிக்கோவிலயோ நேரா மாட்டினா என்ன ஆகும்? நண்பர் ஒருத்தர் மாட்டி ஓட்டிட்டிருக்கார்.

சில நாள் ஓடலாம். ஆனால் 3.3 வோல்ட் சிப்பின் பின்னுக்கு 5 வோல்ட் கொடுப்பது அதன் வரம்புக்கு மேல். ஓடுகிறது என்பதால் அது சரியென்று ஆகாது. இரண்டு ரெசிஸ்டர் போதும்: சென்சாரிலிருந்து 10 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோ ஓம். 5 வோல்ட் 3.33 ஆகக் குறையும். தொட்டி மட்டத்துக்குப் பலர் வைக்கும் எச்.சி.எஸ்.ஆர் 04 ஒலி சென்சாரின் எக்கோ பின்னுக்கு இது அவசியம். எதிர்த்திசையில், 3.3 வோல்ட் சென்சாரை யூனோவில் மாட்டலாம். 3 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் 1 என்றே படிக்கும், இடைவெளி மட்டும் குறைவு.

மொட்டைமாடியிலிருந்து கீழே வரை கம்பி. மோட்டார் ஓடுறப்பெல்லாம் தப்பா காட்டுது.

நீளமான கம்பி ஆன்டெனா வேலை செய்கிறது. மோட்டார் தொடங்கும்போதும் நிற்கும்போதும் எழும் தெறிப்பு அதில் ஏறுகிறது. உள் புல்அப் 20 முதல் 50 கிலோ ஓம் என்று பார்த்தோமல்லவா, அது மேசை மேல் உள்ள பட்டனுக்குப் போதும், மொட்டைமாடிக்குப் போதாது. போர்டின் அருகே வெளியே 4.7 கிலோ ஓம் புல்அப் போடுங்கள். 5 வோல்ட்டில் சுமார் 1 மில்லி ஆம்பியர் ஓடும், நான்கு முதல் பத்து மடங்கு உறுதியாக இழுக்கும்.

அப்புறம் கம்பி வந்து சேரும் இடத்துக்கும் பின்னுக்கும் நடுவே 10 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர். ஒரு மில்லி வினாடிக்கும் குறைந்த தெறிப்புகளை இது பெரும்பாலும் விழுங்கிவிடும். சிக்னலும் கிரவுண்டும் ஒன்றையொன்று முறுக்கிய ஜோடியாக வரட்டும், நெட்வொர்க் கேபிளில் ஒரு ஜோடி எடுத்தால் போதும். மோட்டார் கம்பி போகும் குழாய்க்குள் இதை நுழைக்காதீர்கள். மின்னல் அதிகமுள்ள இடத்தில், இதோடு ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தி, இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் சிப்) ஒன்றையும் நடுவே வைக்கச் சொல்வேன். நேரே அடிக்கும் மின்னலை அதுவும் தாங்காது. தூரத்து மின்னல் கம்பியில் ஏற்றும் அதிர்ச்சிக்கு உதவும்.

கியூர்பிப்ல இருக்கோம். மழை நாள்ல மட்டும் தொட்டி சென்சார் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுது.

ஈரம்தான். மேட்டு நில ஊரான கியூர்பிப்பின் தூறலும் மூட்டமும், கடற்கரையோர ஊர்களின் உப்புக் காற்றும் இணைப்புகளில் ஒரு மெல்லிய படலம் படியவைக்கும். அது சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்டர் ஆகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரத்தின் தடை 20 கிலோ ஓம், உள் புல்அப் 40 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் பின்னில் கிடைப்பது சுமார் 1.67 வோல்ட். முதல் கேள்வியில் சொன்ன, உத்தரவாதம் இல்லாத இடைவெளிக்குள் வந்து விழுகிறது. புல்அப்பை 4.7 கிலோ ஓம் ஆக்கினால் அதே ஈரத்தில் 4 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இதோடு, இணைப்புகளைச் சாலிடர் செய்து மூடுங்கள். பெட்டியில் கம்பி நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மேலிருந்து நுழைந்தால் தண்ணீர் கம்பி வழியே இறங்கி உள்ளே வரும்.

மிதவை எதுக்கு? ரெண்டு கம்பியைத் தண்ணிக்குள்ள விட்டா போதாதா?

சில வாரம் போதும். எப்போதும் ஒரே திசையில் மின்னோட்டம் போய்க்கொண்டிருந்தால் ஒரு கம்பி கரையத் தொடங்கும், அது கரைவது நீங்கள் குளிக்கும் தண்ணீரில். கட்டாயம் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி எடுத்து, படிக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்து நிறுத்துங்கள். குடிநீர்த் தொட்டிக்கு நான் மிதவை சுவிட்சைத்தான் சொல்வேன்.

வீட்டு மின்சாரம் போனா பின்னுக்குத் தெரியணும். 230 வோல்ட்டை ரெசிஸ்டர் போட்டுக் குறைச்சுக் கொண்டு வரலாமா?

வேண்டாம். ரெசிஸ்டர் மின்னழுத்தத்தைக் குறைக்கும், பிரிக்காது. ஏதாவது ஒன்று கழன்றால் 230 வோல்ட் போர்டுக்கும், யுஎஸ்பி வழியாக உங்கள் கணினிக்கும், கைக்கும் வரும்.

நல்ல வழி, பழைய ஃபோன் சார்ஜர் ஒன்று. அதன் 5 வோல்ட்டை 1 கிலோ ஓம் வழியாக பிசி 817 ஆப்டோகப்ளரின் எல்இடி பக்கம் கொடுங்கள், சுமார் 4 மில்லி ஆம்பியர் ஓடும். மறுபக்கத்தில் உள்ள டிரான்சிஸ்டரின் எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் புல்அப் உள்ள பின்னுக்கு. மின்சாரம் இருந்தால் 0, போனால் 1. இரண்டு பக்கத்துக் கிரவுண்டையும் இணைத்துவிடாதீர்கள், இணைத்தால் ஆப்டோகப்ளர் வைத்ததற்கே பொருள் இல்லை. சார்ஜருக்குள் இருக்கும் கப்பாசிட்டர் வடியச் சிறிது நேரம் பிடிக்கும், அதனால் செய்தி கொஞ்சம் தாமதமாக வரும். போர்டுக்குத் தனியாக பேட்டரி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிலர் அதே சார்ஜரில் போர்டையும் மாட்டிவிடுகிறார்கள்.

பிக்கோ 2-ல புல்டவுன் போட்டேன். பட்டனை விட்டாலும் 1-லயே நிக்குது.

உங்கள் நிரல் சரி. 2024-இல் பிக்கோ 2 வந்தபோது அதிலிருந்த ஆர்பி 2350 சிப்பின் ஏ2 பதிப்பில் ஒரு குறை இருந்தது: உள் புல்டவுன் போட்ட பின் ஒருமுறை மேலே போனால், விட்ட பிறகும் 2.2 வோல்ட் அருகே மாட்டிக்கொள்ளும். தயாரிப்பாளரே இதை ஆவணத்தில் சொல்லியிருக்கிறார்கள். வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைந்த புல்டவுன் போட்டால் சரியாகும். ஏ4 பதிப்பில் திருத்திவிட்டார்கள். நான் முன்பு சொன்னபடி புல்அப் வைத்துப் பட்டனைக் கிரவுண்டுக்குக் கொடுத்தால் எந்தப் பதிப்பிலும் இந்தத் தொல்லை இல்லை.

மிதவையை எந்தப் பக்கம் மாட்டணும்? தொட்டி நிறைஞ்சா மூடணுமா, திறக்கணுமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் வரத்து குறையும் மாதங்களில், கீழ்த்தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்றும் மோட்டாரை நம்பித்தான் பல வீடுகள் இருக்கின்றன. அங்கே கம்பி அறுந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

புல்அப் உள்ள பின்னில் கம்பி அறுந்தால் 1 என்று படிக்கும். ஆகவே 1 என்பதற்கு ‘மோட்டாரை நிறுத்து’ என்று பொருள் வையுங்கள். அதாவது தொட்டி நிறையாதவரை சுவிட்ச் மூடியிருந்து 0 தர வேண்டும், நிறைந்ததும் திறந்து 1 தர வேண்டும். சின்ன மிதவை சுவிட்சுகள் பலவற்றில் மிதவையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் இந்தத் திசை மாறிவிடும். கம்பி அறுந்தாலும், பிளக் கழன்றாலும், இணைப்பு துருப்பிடித்தாலும் மோட்டார் நிற்கும். தண்ணீர் வரவில்லை என்று யாராவது மேலே போய்ப் பார்ப்பார்கள். மாற்றி மாட்டியிருந்தால் தொட்டி நிரம்பி வழியும், கீழ்த்தொட்டி வறண்டு மோட்டார் வெறுமனே ஓடி எரியும். கீழ்த்தொட்டிக்கும் ஒரு மிதவை வையுங்கள், தண்ணீர் இருக்கும்போது மூடியிருப்பதாக.

இதில் மிச்சமிருக்கும் ஒரே ஓட்டை, இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. அப்போது எப்போதும் 0, மோட்டார் நிற்காது. அதற்கு நிரலில் ஒரு நேர வரம்பு வையுங்கள்: காலித் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதோடு கால் பங்கு சேர்த்து, அதைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தி விளக்கு எரியவிடுங்கள். மோட்டாரின் 230 வோல்ட் பக்கத்தை உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எல்லாம் மாட்டி முடிந்ததும் மோட்டார் ஓடும்போதே மிதவையின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், உடனே நிற்க வேண்டும். அப்புறம் அந்த இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து, வரம்பு முடிந்ததும் நிற்கிறதா என்றும் பாருங்கள்.